மறந்த சுரங்கமும் தாழும் நிலமும்

உறுதிக்கு உவமையாக நிலத்தைக் கூறுதல் உலக வழக்கு. எனினும், மனிதன் அகழ்ந்து வெறுமையாக்கிய நிலத்திற்கும் அவ்வுறுதி உண்டெனக் கொள்ளுதல் தகாது. பல நூற்றாண்டுகளாக நிலக்கரி அகழப்பெற்ற பிரித்தானியா இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டின் இறுதிப் பெரும் ஆழ்சுரங்கமாகிய கெலிங்லி 2015ஆம் ஆண்டு டிசெம்பரில் மூடப்பட்டது. தொழில் ஒழிந்தது, சுரங்கங்களோ வீடுகளின் கீழும் வீதிகளின் கீழும் இன்றும் இருக்கின்றன.

நிலக்கரி அகழும் முறைகளுள் இரண்டு ஈண்டு அறியத்தக்கன. ஒன்று, நீண்ட முகப்பிலிருந்து கரிப்படையை முற்றாக எடுத்து முன்னேறி, பின்னுள்ள கூரையை வீழவிடும் முறை. இதில் மேலுள்ள நிலம், எடுத்த படையின் கனத்தில் 10இல் 9 பங்குவரை தாழ்தலும் உண்டு. ஆயினும் அத்தாழ்வின் பெரும்பகுதி சில ஆண்டுகளுள் முடிந்துவிடும். முன்னரே கணித்தலும் கூடும். மற்றையது, கரியின் ஒரு பகுதியைத் தூண்களாக நிறுத்தி எஞ்சியதை எடுக்கும் பழைய முறை. இதில் நிலம் நூறாண்டு அசையாதிருந்து, ஒருநாள் திடீரென வாய்திறத்தல் கூடும். தூண்கள் நலிவதும், அவற்றிடையேயுள்ள கூரை உதிர்வதும் இதற்குக் காரணங்களாம்.

கூரை உதிருங்கால் வெற்றிடம் மேல்நோக்கி ஏறும். உடைந்த கல் முன்னையினும் மிகுந்த இடத்தைக் கொள்ளுமாதலின், ஓரெல்லையில் அவ்வெற்றிடம் தானே தூர்ந்துவிடும். படையின் கனத்தைப்போற் பத்து மடங்கு உயரம்வரை அஃது ஏறலாம் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் அனுபவ அளவை. படை 1.5 மீற்றர் கனமாயின் வெற்றிடம் 15 மீற்றர்வரை ஏறும். மேலே 40 மீற்றர் பாறை இருப்பின் அச்சம் குறைவு. 10 மீற்றரே இருப்பின் நிலத்திற் குழி தோன்றலாம். நிலத்தடி நீர் உடைகற்களை அடித்துச் செல்லுமிடத்து இவ்வளவையும் பொய்க்கும்.

எனவே, ஆழங்குறைந்த சுரங்கமே பெரிதும் அஞ்சத்தக்கது. முன்னோர் எளிதில் எட்டிய கரியையே முதலில் எடுத்தனராதலின், அத்தகையன பெரும்பாலும் மிகப் பழையன. கைவிடும் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைத்தல் வேண்டுமெனச் சட்டம் விதித்ததோ 1872ஆம் ஆண்டில். அதற்கு முற்பட்டவற்றுட் பல எவ்வேட்டிலும் இல்லை. மிக அஞ்சத்தக்கனவே மிகக் குறைவாக அறியப்பட்டுள்ளன என்பது இதனாற் பெறப்படும்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பெற்று, 2024இற் சுரங்கச் சீராக்க அதிகாரசபை எனப் பெயர்மாறிய நிலக்கரி அதிகாரசபை இவ்வரைபடங்களைப் பேணிவருகின்றது. அதன் பதிவேட்டில் 170,000க்கு மேற்பட்ட சுரங்கவாய்கள் உள. கரிநிலப் பகுதிகளில் வீடு வாங்குவோர் சுரங்க அறிக்கை பெறுவது வழக்கம். கட்டடம் எழுப்புவோர் ஐயமுள்ள நிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்து, வெற்றிடங் காணின் சீமெந்துக் கலவையைச் செலுத்தி நிரப்புவர்.

ஆயின், இருப்பதாக அறிந்த வெற்றிடத்தையே நிரப்பலாகும். சுரங்கத்தை அகழ்ந்தோர் உழைப்பிற் குறைந்தவரல்லர். அகழ்ந்த இடத்தைக் குறித்துவையாது சென்றமையே பின்வந்தோர்க்கு இடராயிற்று. நாளை பொறியியலாளராகவும் நிலஅளவையாளராகவும் விளங்கவிருக்கும் மாணவர்காள்! செய்த வேலையைச் செவ்வனே பதிந்துவைத்தலும் அவ்வேலையின் ஒரு பகுதியே என்பதை மனத்திற் கொள்வீராக.