கண்புரை அறுவையும் கால் கிலோக் கழிவும்

சென்ற ஆண்டு என் வலக் கண்ணில் கண்புரை அறுவை நடந்தது. குறையொன்றும் இல்லை. எனினும் அறையை விட்டு வெளிவருகையில், கட்டுப்போடாத மற்றக் கண்ணில் ஒரு காட்சி பட்டது. என் ஒருத்தியின் பொருட்டுப் பிரிக்கப்பெற்ற அங்கி, விரிப்பு, உறைகள், குழாய்கள் யாவும் ஒரு பெரிய பையை நிறைத்திருந்தன. “இவை எங்கே செல்லும்?” எனச் செவிலியரை வினவினேன். “எரிக்கப் போகும், பாட்டி. ஒரு முறையோடு எறிந்துவிட்டால்தான் சுத்தம்” என்றார்.

இவ்விடையில் இரண்டு கூற்றுகள் உள்ளன. முதற்கூற்று முழுவதும் சரியன்று. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின்படி குழாய், கையுறை முதலியன சிவப்புப் பையில் இடப்பட்டு, கிருமி நீக்கித் துண்டாக்கி, மறுசுழற்சிக்குச் செல்ல வேண்டும். குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்னும் நஞ்சு எழும்.

இரண்டாம் கூற்றே நாம் ஆராய வேண்டியது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஒரு கண்புரை அறுவையால் ஏறத்தாழ 180 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான மாசு உண்டாவதாக 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்கு மேல் வாங்கும் பொருள்களால் விளைந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையில் அதே அறுவைக்கு ஏறத்தாழ 6 கிலோ என்றும், கழிவு 250 கிராம் என்றும் 2017ஆம் ஆண்டின் ஆய்வு கூறிற்று. கணக்கிடும் முறைகளில் வேறுபாடு இருக்கலாம். ஆயினும் முப்பது மடங்கு இடைவெளியை அதனால் மட்டும் விளக்க இயலாது.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கியது அம்மருத்துவமனை. ஓர் அறையில் இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கையில் அடுத்தவர் ஆயத்தமாகிறார். கருவிகள் நீராவியால் கிருமி நீக்கப்பட்டு அன்றே மீண்டும் பயன்படுகின்றன. துணி அங்கிகள் சலவைக்குச் செல்கின்றன. ஒரு கண் மருந்துப் புட்டி தீரும்வரை பலருக்குப் பயன்படுகிறது.

கண் கெடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அங்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். அறுவை முடிவில் கண்ணுக்குள் எதிர்கிருமி மருந்து செலுத்தப்படாதோரிடம் கண்ணுள் கிருமித்தொற்று 10,000 பேருக்கு ஏறத்தாழ 7. அம்மருந்து செலுத்தியோரிடம் 2. எதையும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது இதன் பொருளன்று. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுதல் எங்கும் தவறே. சுத்தம் என்பது கிருமி நீக்கத்தில் உள்ளது. புதிய உறையைப் பிரிப்பதில் மட்டும் இல்லை.

என் இடக் கண்ணுக்கு வரும் தை மாதம் அறுவை. துணி அங்கி உண்டா, சிவப்புப் பை எங்கே செல்கிறது என்னும் இரு வினாக்களை மருத்துவருக்காகக் குறித்து வைத்திருக்கிறேன்.