மணி அடிக்கிற பையன்

கண்ணு,

வேலை உத்தரவு கைக்கு வந்ததும் அத்தைக்குத்தான் முதலில் காட்டினாய். நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு என்றாய். முப்பத்து நாலு வருடம் சாக்பீஸ் பிடித்தவள் நான். சாதித்ததைச் சொல்ல அதிகமில்லை. சறுக்கியதைச் சொல்கிறேன், கேள்.

1. முதல் நாளே பலகை நிறைய விதி எழுதாதே. நான் பதினைந்து எழுதிப்போட்டேன். வாரக் கடைசியில் ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், பதினொண்ணாவது என்ன?" என்றான். எனக்கே நினைவில்லை. நீ மறக்காத மூன்று போதும். அந்த மூன்றுக்கும் நீயும் அடங்க வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வந்தால், பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போ.

2. எது நீ கொடுக்கும் சலுகை, எது பிள்ளையின் சொந்தச் சொத்து என்று பிரித்துப் பார். ஒண்ணுக்குப் போவது, தண்ணீர் குடிப்பது, சத்துணவு, பி.டி. பீரியடு: இவை எதுவும் உன் வீட்டுச் சொத்தல்ல, தண்டனையாகப் பிடுங்க உனக்கு உரிமையில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், விரல் காட்டிய ஒரு பெண்ணிடம், "மணி அடிக்கப் பத்து நிமிஷம்தானே, உட்காரு" என்றேன். மணி அடித்தது. எல்லாரும் ஓடினார்கள், அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சுக்குக் கீழே ஈரம். மூன்று நாள் அவள் பள்ளிக்கு வராததால், வீட்டுக்கே போனேன். அவள் அம்மா டீ போட்டுக் கொடுத்தார். ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்த டீ தொண்டையில் இறங்கியிருக்கும்.

3. லீடர் கையில் உன் அதிகாரத்தைக் கொடுக்காதே. நீ வெளியே போனதும் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவானே, அந்தப் பட்டியலை நான் வேதவாக்காக நம்பினேன். ஒரு பெயரை அழிக்க ஒரு தேன்மிட்டாய், பக்கத்தில் போட்ட பெருக்கல் குறியை மட்டும் அழிக்கப் பாதி மிட்டாய் என்று கட்டணம் இருந்தது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. காசில்லாத பிள்ளைகளே தினமும் 'பேசியிருந்தார்கள்'. பையனைக் குறை சொல்ல மாட்டேன். கடையைத் திறந்துகொடுத்தவள் நான்.

4. அடிக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மனத்தை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பைப் பரணில் போட்டுவிட்டு நாக்கால் அடித்தவர்கள் உண்டு. நானும் ஒருத்தி.

5. உன் கையில் இருக்கும் நிஜமான சலுகைகள் ரொம்பச் சின்னவை. சாக்பீஸ் வாங்கி வருவது, நோட்டுக்கட்டைச் சுமப்பது, ஹெச்.எம். அறைக்கு ரிஜிஸ்டர் கொண்டுபோவது, மணி அடிப்பது. நமக்கு அது எடுபிடி வேலை, பிள்ளைக்குப் பட்டாபிஷேகம். முதல் பெஞ்சுக்கே வாரி வழங்காமல் சுற்றிலும் கொடு. கொடுத்ததைப் பறிக்கும் முன் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி கேள். எங்கள் பள்ளியில் மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தேன். மதிய மணியை நாலு நிமிடம் முன்னாலேயே அடித்தான். மறுநாளும் அப்படியே. எல்லார் முன்னாலும் வேலையைப் பறித்துவிட்டேன். சத்துணவு ஆயாதான் பிறகு சொன்னார்: "அது காலையில சாப்புடாம வர்ற புள்ள டீச்சர்."

தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது. அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைக்கும். உன்னிடம் வருவது ஆறு. போன வருடம்வரை காலையில் பள்ளியிலேயே சாப்பிட்ட பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில், விதிகளை எழுதப் பலகைப் பக்கம் திரும்பும் முன், "யாரெல்லாம் சாப்பிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிடாதே, கை தூக்காதவனுக்கு அது அவமானம். மூன்றாம் பீரியடில் மேஜைமேல் தலை சாய்ப்பவன் யார் என்று மட்டும் பார்த்துக்கொள். பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கட்டும்.