கடல் கடந்த குடும்பமும் கலங்காத மனமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



நாற்றங்காலில் வளர்ந்த தேயிலைக் கன்றை மலைச்சரிவில் கொண்டுபோய் நட்டால், முதல் சில நாட்கள் அது வாடித்தான் நிற்கும். கெட்டுவிட்டது என்று யாரும் பிடுங்கி எறிவதில்லை. நிழல் கொடுத்து, வேர் பிடிக்கும்வரை காத்திருப்பார்கள். கடல் கடந்து குடிபெயரும் குடும்பமும் அப்படித்தான். இதை நான் நூல்களில் படித்தும், என் தாயாரைப் பெற்ற அம்மாயி சொல்லக் கேட்டும் அறிந்துகொண்டேன். வரும் ஜூன் மாதம் எங்கள் குடும்பமும் கடல் கடக்க இருக்கிறது. ஆகவே இக்கட்டுரையை உங்களுக்காக மட்டுமல்லாமல் எனக்காகவும் எழுதுகிறேன்.

பட்டியல் சொல்லும் உண்மை

1967-ஆம் ஆண்டு தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மனத்திற்கு எவ்வளவு சுமை என்று அதில் புள்ளி கொடுத்தார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பதற்கு 100 புள்ளி. திருமணத்திற்கு 50. மகிழ்ச்சியான மாற்றமும் ஒரு சுமையே என்பது இதிலிருந்து தெரிகிறது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வீடு மாறினால் 20, பள்ளி மாறினால் 20, வாழும் நிலை மாறினால் 25, வேறு தொழிலுக்குப் போனால் 36, பணநிலை மாறினால் 38. கூட்டினால் 139. கடல் கடக்கும் குடும்பத்திற்கு இவை ஐந்தும் ஒரே மாதத்தில் வந்துவிடுகின்றன. சிறு சிறு கற்களே சேர்ந்து பெரிய மூட்டையாகிவிடுகின்றன. ஆண்டொன்றில் புள்ளிகள் ஏற ஏற, நோய்வாய்ப்படும் வாய்ப்பும் ஏறுவதை அம்மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் இது விதியன்று, எச்சரிக்கை மட்டுமே.

அம்மாயியின் கதை

இலங்கை மலைநாட்டில் தேயிலை வளர்த்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964 அக்டோபர் 30-ல் நம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். அவ்வாறு வந்தவர்களுள் சிலருக்கு வேலை தரவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் 'டான்டீ' ஆயிற்று.

அம்மாயி 1973-ல் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கோத்தகிரிக்கு வந்தபோது அவருக்கு வயது பதினைந்து. இன்றைய என் வயது. அவருடைய சித்தப்பா குடும்பம் இலங்கைக் குடியுரிமை பெற்று அங்கேயே நின்றுவிட்டது.

அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்த கொள்ளுத் தாத்தா, இங்கே மண்வெட்டி பிடிக்கும் தொழிலாளியானார். கஞ்சியில் உப்புக் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாராம். கொள்ளுப் பாட்டி நாள் கணக்கில் பேசமாட்டாராம். கடையில் ரொட்டியைப் 'பாண்' என்று கேட்ட அம்மாயியைப் பார்த்து, 'சிலோன்காரி' என்று பிள்ளைகள் சிரித்தார்களாம். அம்மாயியின் தம்பியோ, வளர்ந்த பிள்ளை, மீண்டும் பாயை நனைக்கத் தொடங்கினான்.

கோபம் எங்கிருந்து வருகிறது?

உப்புக்காகவா அந்தக் கோபம்? இல்லை. வெளியே யாரிடமும் காட்ட முடியாத வருத்தத்தை வீட்டிலே, தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று நம்புகிறவர்களிடம் மனிதர் காட்டிவிடுகிறார்கள். புதிய நாட்டில் முதலில் எல்லாம் அழகாகத் தோன்றும், பின்னர் எரிச்சல் வரும், அதன்பின் மெல்லப் பழகிவரும் என்று கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960-ல் எழுதினார். அந்த எரிச்சல் ஒரு கட்டம் என்று தெரிந்தாலே பாதி பாரம் குறைகிறது. 'அப்பா கெட்டவர்' என்று நினைக்காமல், 'அப்பா களைத்திருக்கிறார்' என்று நினைக்க முடிகிறது.

அவர்கள் செய்தவை

முதலாவது, ஒரு பழைய வழக்கத்தை அவர்கள் விடவில்லை. லயத்தில் செய்தது போலவே மாலையில் எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, சீனியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பார்கள். சண்டையிட்ட நாளிலும் அந்த வட்டம் கூடும். ஊர் மாறினாலும் வீடு மாறவில்லை என்று பிள்ளைகளுக்கு அது சொல்லியது.

இரண்டாவது, பணத்தைப் பற்றி ஒளிக்கவில்லை. சம்பள நாளன்று கொள்ளுத் தாத்தா காசைப் பாயில் பரப்பி, அரிசிக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே பிரிப்பார். தெரிந்த வறுமையைவிடத் தெரியாத வறுமையே பிள்ளைகளை அதிகம் அச்சுறுத்துகிறது.

மூன்றாவது, தங்களவர்களோடு மட்டும் ஒடுங்கிக் கிடக்கவில்லை. பக்கத்துப் படகர் வீட்டு அம்மாள் முதற்குளிரில் ஒரு கம்பளி கொடுத்து, உருளைக்கிழங்கு போடவும் கற்றுக்கொடுத்தார். கொள்ளுப் பாட்டி மீண்டும் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கொல்லையில்தானாம்.

நான்காவது, தம்பியை அடிக்கவில்லை. பாயை வெயிலில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். சில மாதங்களில் அது தானாகவே நின்றது.

ஒன்று மட்டும் தவறிப்போயிற்று

மனுக்களை எழுதுவது, கியூவில் நிற்பது, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் மூத்த பெண்ணான அம்மாயியின் தலையில் விழுந்தன. 'கெட்டிக்காரி' என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்தப் புகழிலேயே அவர் படிப்பு நின்றுவிட்டது. புதிய ஊரைப் பிள்ளைகள் விரைவில் பழகிக்கொள்வதால், பெற்றோர் தங்களை அறியாமலே அவர்கள் மேல் சாய்ந்துவிடுகிறார்கள். பெற்றோர்கள் இதை அருள்கூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாங்கள் எடுத்த முடிவு

என் அம்மா செவிலியர். அயர்லாந்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அப்பா அங்கே போய்த்தான் வேலை தேட வேண்டும். எத்தனை பெட்டி கொண்டுபோவது, பழைய பிரிட்ஜை விற்பதா கொடுப்பதா என்று இப்போதே வீட்டில் வாக்குவாதம். சென்ற மாதம் ஓரிரவு அப்பா, "உன் சம்பளத்தில்தானே இனி எல்லாம்!" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அப்போது எனக்குக் கொள்ளுத் தாத்தாவின் கஞ்சித் தட்டு நினைவுக்கு வந்தது. உள்ளே போய் ஒரு டம்ளர் தேநீர் போட்டு அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் குடித்துவிட்டு உள்ளே வந்தார்.

மறுநாள் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். சனிக்கிழமைதோறும் வரவு செலவை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது; அம்மாவுக்கு இரவு வேலை இருக்கும் வாரத்தில் அப்பா சமைப்பது; என் தம்பி அழுதால் 'சீ, ஆம்பளைப் பிள்ளையா?' என்று கேலி செய்யாதிருப்பது. யாருக்கேனும் பல வாரங்கள் தூக்கமோ உணவோ பிடிக்காமற்போனால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போவது என்று முடிவு செய்தோம். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணி அளவிலேயே இருட்டிவிடுமாம். நான்கரைக்கு நாங்கள் தேநீர் குடிக்க உட்காரும்போது இங்கே இரவு பத்து மணி. அம்மாயி அதுவரை விழித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியை நடுவில் வைத்தால் வட்டம் நிறைந்துவிடும்.

முடிவுரை

எல்லாச் சுமையும் இறங்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். லயத்து வீட்டுச் சாவியைக் கொள்ளுத் தாத்தா கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஆனால் அந்தப் பெட்டி இருந்த வீட்டிலேதான் அவருடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள், சிரித்தார்கள், வேர் பிடித்தார்கள்.

அம்மாயி என்னிடம் சொன்னது ஒன்றே: "உதவி செய் கண்ணு. ஆனா பெரிய மனுஷியா ஆயிடாதே. புத்தகத்தை மட்டும் கீழே வெச்சுடாதே."

தோழியரே, புதிதாக வேற்றூரிலிருந்து உங்கள் வகுப்பிற்கு ஒருத்தி வந்தால், அவள் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். வருகிற ஆண்டு எங்கோ ஒரு பள்ளியில் நானும் அப்படித்தான் வாசலில் நிற்பேன்.