வண்டியின் மேல் ஒரு வீடு

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகச் சாலையில் சற்று நின்று பாருங்கள். உப்பு மூட்டை ஏற்றிய லாரி போகும். கன்டெய்னர் ஏற்றிய நீண்ட வண்டி போகும். நடுவே 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டியும் போகும். அந்தச் சிறு வண்டியின் முதுகில் சரக்குக்குப் பதிலாக ஒரு வீட்டையே வைத்தால் என்ன?

இது வெறும் கற்பனையன்று. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த அருண் பிரபு என்னும் இளைஞர் ஓர் ஆட்டோவின் மேல் 36 சதுர அடியில் வீடு அமைத்தார். படுக்கை, சமையலிடம், கழிவறை, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு எல்லாம் அதில் உண்டு. இதே போன்ற வீட்டைப் பிக்கப் வண்டியிலும் அமைக்க இயலுமா என்று 2021-இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா கேட்டார்.

இயலும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: வண்டி கவிழாமல் இருக்குமா?

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அதிலிருந்து தொங்கவிட்ட நேர்கோடு சக்கரங்களுக்கு இடையே விழும்வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும். ஆகவே மையம் எவ்வளவு தாழ்வாக உள்ளதோ, அவ்வளவு நல்லது. கடலோடிகள் இதை நன்கறிவர். தோணியில் கனமான சரக்கு அடித்தட்டில்தான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். நம் வண்டியும் வீடும் சேர்ந்து 1,250 கிலோ; ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரம் என்று கொள்வோம். இனி 250 லிட்டர் தண்ணீர் ஏற்ற வேண்டும். அதன் எடை 250 கிலோ.

தொட்டியைத் தளத்தில், 0.9 மீட்டர் உயரத்தில் வைத்தால்:
(1250 × 0.7 + 250 × 0.9) ÷ 1500 = 0.73 மீட்டர்.

கூரைமேல், 2.3 மீட்டர் உயரத்தில் வைத்தால்:
(1250 × 0.7 + 250 × 2.3) ÷ 1500 = 0.97 மீட்டர்.

இடது, வலது சக்கரங்களின் இடைவெளி 1.3 மீட்டர் எனில், முதல் வண்டி ஏறக்குறைய 42 பாகை சாய்ந்த பின்பே கவிழும். இரண்டாவது 34 பாகையிலேயே கவிழும். ஓடும் வண்டியில் ஸ்பிரிங்கும் டயரும் அமுங்குவதால் ஆபத்து இன்னும் முன்னதாகவே வரும். தொட்டி பாதி நிறைந்திருந்தால், வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் பாயும். அதைத் தடுக்கத் தொட்டிக்குள் குறுக்குத் தடுப்புகள் வைப்பார்கள்.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக் காற்று தூத்துக்குடியில் எப்படி வீசும் என்பது அவ்வூர் மாணவர்களுக்குத் தெரியும். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். உயரமான சுவர் அந்த விசைக்கு நல்ல நெம்புகோல்!

இதற்குத்தான் மடக்குக் கூரை. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தியபின் மேலே எழும்பும். பக்கச் சுவராகக் கித்தான் துணி விரியும். 60 கிலோ கூரையை ஒரு முனையில் கீல் போட்டு இணைத்தால், மறுமுனையைத் தூக்க ஏறக்குறைய 30 கிலோ எடைக்குரிய விசையே போதும். பலத்த காற்றில், நின்றிருக்கும்போதும் கூரையை மடக்கிவிட வேண்டும்.

இன்னொன்று: வண்டியின் அமைப்பை மாற்ற, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். இந்தச் சட்டத்தின் பின்னாலும் நாம் போட்ட கணக்கே இருக்கிறது.

செய்து பாருங்கள்: ஒரே அளவான இரு அட்டைப் பெட்டிகளை எடுங்கள். ஒன்றில் கல்லை அடியிலும், மற்றதில் அதே எடையுள்ள கல்லை உச்சியிலும் ஒட்டுங்கள். இரண்டையும் பலகை மேல் நிறுத்துங்கள். வழுக்காதிருக்க, சரியப்போகும் பக்கத்தில் அடியோரமாக ஒரு பென்சிலை ஒட்டுங்கள். பலகையை மெல்ல உயர்த்தி, எது எத்தனை பாகையில் விழுகிறது என்று கோணமானியால் அளந்து குறியுங்கள்.

சிந்தியுங்கள்: சமையல் வாயு உருளை, துணி அலமாரி, மின்கலம் — உங்கள் வண்டி வீட்டில் எதை மேலே வைப்பீர்கள்?