கை அறுவைக்குப் பின்: விரலுக்கு வேலை, மணிக்கட்டுக்கு ஓய்வு



"டிரசர் ஐயா, ஆபரேஷன் புண்ணு ஆறிடுச்சு, ஆனா விரல மடக்க முடியலையே" என்று பால் வெட்டும் அம்மா ஒருவர் என்னிடம் வந்து அழுதார். மணிக்கட்டில் அறுவை நடந்து மூன்று வாரம். கையைத் துண்டில் தொங்கவிட்டு, ஒரு விரலைக்கூட அசைக்காமல் பத்திரமாக வைத்திருந்தாராம். அந்தப் பத்திரமே வினையாகிவிட்டது.

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புக்கும் தடித்த நாருக்கும் நடுவே குறுகலான வழி ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதனுள் செல்கின்றன. வருடக்கணக்கில் உளியை இறுகப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வேலை செய்தால் அங்கே வீங்கி, நரம்பு நெரிபடலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும். இரவில் தூக்கம் கெடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். இதற்குக் கார்ப்பல் டன்னல் என்று பெயர். மற்றச் சிகிச்சை பலிக்காதபோது டாக்டர் அந்த நாரை வெட்டி நரம்புக்கு இடம் விடுகிறார். பெரும்பாலோர் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. முதல் சில நாள் கையைத் தலையணைமேல், நெஞ்சுக்கு உயரமாக வையுங்கள். வீக்கம் வடியும்.

2. டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை அன்றே விரல்களை முழுக்க நீட்டி, முழுக்க மடக்குங்கள். ஒரு நாளைக்குப் பல தடவை செய்யுங்கள். கொஞ்சம் வலிக்கும், பயப்படாதீர்கள்.

3. தையல் நனையக்கூடாது. 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். காப்பித்தூள், மஞ்சள், கோடாலித் தைலம் எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

4. முட்டை, மீன் தின்றால் சீழ் வைக்கும் என்பது தவறு. புண் ஆற அவைதான் வேண்டும்.

5. சுமார் ஆறு வாரம் பால் வாளி தூக்குவதும் துணி பிழிவதும் கூடாது. பிடிபலம் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நெடுநாள் மரத்த விரலில் உணர்ச்சி மெதுவாகத்தான் வரும்.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, நாளுக்கு நாள் கூடும் வலி, விரல் நீலம் பூத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

"கூலி போகுதே" என்று எட்டாம் நாளே உளியைத் தூக்குகிறவர்களும் உண்டு. தையல் பிரிந்தால் நட்டம் இன்னும் பெரிது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு எம்.சி. உண்டு: சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள், ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை. வேலையால் வந்த நோய் என்று சொக்சோ ஏற்றுக்கொண்டால், நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி.க்கு நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். எம்.சி. சீட்டைப் பத்திரப்படுத்தித் தோட்டத் தலைவரிடம் காட்டுங்கள்.

அந்த அம்மா இப்போது வெந்நீரில் கையை வைத்துப் பயிற்சி செய்கிறார். விரல் பாதி மடங்குகிறது. முதல் நாளே அசைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை.