பாறைக்குள் ஆலயங்கள்

ஐரோப்பியர் வந்த பிறகே ஆப்பிரிக்காவில் கிறிஸ்துவ சமயம் பரவியது எனப் பலர் எண்ணுகின்றனர். கிழக்கு ஆப்பிரிக்க நாடான எத்தியோப்பியாவைப் பொறுத்தவரை இஃது உண்மையன்று. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் அரசர் எசானா அச்சமயத்தைத் தழுவி, தம் நாணயங்களில் சிலுவையைப் பொறித்தார். 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மக்களுள் 43.5 விழுக்காட்டினர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர், 33.9 விழுக்காட்டினர் இசுலாமியர். பிரிக்பீல்ட்ஸில் மலையாளிகள் வழிபடும் ஆர்த்தடாக்ஸ் சிரியன் தேவாலயத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அச்சபையும் எத்தியோப்பியச் சபையும் ஒரே திருச்சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்நாட்டின் லாலிபெலா நகரில் 11 ஆலயங்கள் உள்ளன. அவை கல்லை அடுக்கிக் கட்டப்பட்டவை அல்ல. மாமல்லபுரத்து இரதங்களைப் போலப் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி உருவாக்கப்பட்டவை. உளி ஓர் இடத்தில் தவறினாலும் வேறு கல் வைத்துச் சரிசெய்ய இயலாது! அவற்றுள் புனித ஜார்ஜ் ஆலயத்தின் சிலுவை வடிவக் கூரை, சுற்றியுள்ள தரையின் மட்டத்திலேயே உள்ளது. விளிம்பிற்குச் சென்று குனிந்தால்தான் ஆலயம் முழுமையாகத் தெரியும்.

இவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. ஜனவரி 7-ஆம் நாள் கொண்டாடப்படும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு, வெள்ளாடை உடுத்திய பக்தர்கள் நெடுந்தொலைவு நடந்தே வருகின்றனர். பேச்சு வழக்கிலிருந்து மறைந்துபோன கீஸ் மொழியில் வழிபாடு நடைபெறுகிறது.

மழையோ மிருதுவான அப்பாறையை அரித்து வருகிறது. அதனைத் தடுக்க, 2008-இல் சில ஆலயங்களின்மேல் பெரிய கூரைகள் அமைக்கப்பட்டன. இப்போது அக்கூரைகளைத் தாங்கும் தூண்களின் பாரமே பாறையைப் பிளந்துவிடுமோ என்று ஊர்மக்கள் அஞ்சுகின்றனர்.