கம்ப்யூட்டர் கணக்கைக் குடிமாற்றும் விதம்

நம்மவர் கடைகளில் சிட்டையும் பேரேடும் இருந்த இடத்தில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. யார் யார் நமக்குப் பாக்கி, மொத்த வியாபாரிக்கு நாம் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதெல்லாம் அதனுள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கில் அடங்கிக் கிடக்கின்றன. வருமான வரிக்காகச் சிங்கப்பூரில் 5 ஆண்டும் மலேசியாவில் 7 ஆண்டும் கணக்குகளை வைத்திருத்தல் சட்டம். டிஸ்க்கோ அத்தனை காலம் உழைக்கும் என்று எவரும் ஜாமீன் நிற்க மாட்டார். ஆகவே பழையதிலிருந்து புதியதற்கு மாறும் வழியை வணிக அன்பர்கள் தெரிந்து வைத்திருத்தல் அவசியம்.

முதலில் ஒரு பேதத்தை மனத்தில் வாங்கிக்கொள்க. பைல் வேறு, புரோகிராம் வேறு. பைல் கிட்டங்கியில் கிடக்கும் மூட்டை போன்றது. எந்தக் கிட்டங்கியில் இறக்கினாலும் மூட்டை மூட்டைதான். புரோகிராமோ லைசென்ஸ் எடுத்து நடத்தும் கடை போன்றது. சாமான்களை வேறு வீதியில் இறக்கிவிட்டதனால் மட்டும் அங்கே கடை திறந்துவிட முடியுமா? விண்டோஸில் ஏற்றப்படும் புரோகிராம் தன் உறைக்குள் மட்டும் இருந்துவிடுவதில்லை; ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டிலும் வேறு சில இடங்களிலும் தன் விவரங்களை எழுதி வைக்கிறது. அந்த உறையை மாத்திரம் நகலெடுத்துப் போனால் பெரும்பாலும் அது வேலை செய்யாது.

ஆகவே வழி இரண்டு. ஒன்று, டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுப்பது. இதைக் குளோனிங் என்பர். விண்டோஸ், புரோகிராம், பைல் எல்லாம் ஒன்றாகவே குடிபெயரும். யு.எஸ்.பி. இணைப்பு வயர் ஒன்றில் புதிய டிஸ்க்கை மாட்டி, குளோனிங் புரோகிராமை ஓட்ட வேண்டும். எது பழையது, எது புதியது என்று இருமுறை பார்த்துக்கொள்க. மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் நம் கணக்கின் மேல் எழுதப்பட்டுவிடும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியை முன்கூட்டியே காகிதத்தில் எழுதி வைப்பது நலம். முடிந்ததும் பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்துத் துவக்கிப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுவி, பைல்களை மட்டும் கொண்டு வருவது. பழைய விண்டோஸில் வைரஸ் புகுந்திருந்தால் இதுவே மேல். குளோனிங் செய்தால் நோயும் கூடவே வரும். டாலி போன்ற கணக்குப் புரோகிராம்களில் பழைய இடத்தில் லைசென்ஸை ஒப்படைத்த பிறகே புதிய இடத்தில் எடுப்பது சிரமம் தராது. கணக்கு எந்த உறையில் இருக்கிறது என்பதையும் புரோகிராமிலேயே பார்த்துக்கொள்க. எல்லாம் 'டாக்குமென்ட்ஸ்' உறையில் இருக்கும் என்று எண்ணிச் செய்கிறவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

டிஸ்க் 'டக், டக்' என்று சத்தமிட ஆரம்பித்திருந்தால் இவ்விரண்டும் வேண்டாம். மேலும் ஓட்ட ஓட்டச் சேதம் பெருகும். நிறுத்திவிட்டு, டேட்டா மீட்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே உத்தமம்.

எந்த வழியில் மாறினாலும், மாறுவதற்கு முன்பே ஐந்தொகையையும் பாக்கிக்காரர் பட்டியலையும் அச்சிட்டுக் கொள்க. மாறியபின் புதிய டிஸ்க்கில் அவற்றையே திறந்து, காசு பிசகாமல் ஒத்துப் பார்க்க வேண்டும். பைல் திறக்கிறது என்பது போதாது. தொகை ஒத்துவர வேண்டும். கடையிலுள்ள எல்லா மெஷின்களிலும் கணக்குப் புரோகிராமை மூடிய பிறகே நகலெடுக்க வேண்டும். பில் போட்டுக்கொண்டிருக்கையில் எடுத்த நகலில் பாதிக் கணக்குத்தான் இருக்கும்.

பழைய டிஸ்க்கை உடனே அழித்துவிடாமல் ஒரு மாதக் கணக்கு முடியும் வரையிலாவது அலமாரியில் பூட்டி வையுங்கள். பிறகு பழைய சாமான்காரரிடம் போடுவதாயின், பைல்களை டெலிட் செய்தது போதும் என்று இருந்துவிடலாகாது. அவற்றை மீட்டெடுக்கும் புரோகிராம்கள் உண்டு. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் உள்ளன. அவற்றைக் காக்க மலேசியாவில் 2010-லும் சிங்கப்பூரில் 2012-லும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சுழலும் தட்டுள்ள டிஸ்க்காயின் தட்டின் ஊடாகத் துளையிட்டுக் கொடுங்கள், எஸ்.எஸ்.டி.யாயின் உள்ளிருக்கும் சில்லுகளையே உடைக்க வேண்டும்.